மூடிக்குள் ஒரு சந்தனப் பொட்டு

சனிக்கிழமை காலை நவநீத்தின் போன் வந்தபோதே அவன் என்ன சொல்லப் போகிறான் என்பது ஜெயலக்ஷ்மிக்குத் தெரிந்துவிட்டது. தம்பி "அக்கா" என்பதை நீட்டி இழுத்தால் வர மாட்டான் என்று அர்த்தம். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்து ஆபீஸில் அவசர வேலையாம். அடுத்த வாரம் கண்டிப்பாக வந்துவிடுவானாம். போன சனிக்கிழமையும் இதையேதான் சொன்னான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகுட்டிக்காரன், ஆயிரம் ஜோலி இருக்கும். சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டுப் பூஜை அலமாரியைத் திறந்தாள். பிள்ளையார் படத்துக்குக் கீழே, இத்தாலியிலிருந்து வந்த அட்டைப்பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதற்குள் கறுப்பு ரப்பரில் வரிசையாகப் பல் வைத்த ஒரு பெல்ட். காரின் டைமிங் பெல்ட்.

யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கு நானே தொடங்கிவிடுகிறேன் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சிவப்புக் கார்தான் அவள் அப்பா சாம்பசிவன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள். பொன்முடித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் கணக்கராக இருந்த காலத்தில், ஊரை விட்டுப் போன மேனேஜர் ஒருவர் விற்றுவிட்டுச் சென்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. மேல்கூரையைக் குடைபோல மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அவர்கள் குடியிருந்த கரமனை அக்ரஹாரத்துக்குள் அது நுழைந்தால், சந்தியாவந்தனத்தில் இருந்தவர்கள்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார்கள் என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள். பார்வை மங்கியதும் அப்பா ஓட்டுவதை நிறுத்தினார். கார் வருஷக்கணக்காகத் தூங்கிப்போயிற்று.

இந்தச் சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சு துண்டு துண்டாகத்தான் திரும்பியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை, "கல்லாறு." பொன்முடி மலையடிவாரத்தில் அந்தக் காரை நிறுத்தி, ஆற்றில் காலை நனைத்துவிட்டு வர வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டது சத்தியத்துக்குச் சமானம். அப்பா பிறத்தியார் கை படவிடாத வண்டி, ஆகையால் நாமே சரிபண்ணுவோம். டைமிங் பெல்ட்டை மாற்றாமல் யாரும் ஸ்டார்ட் பண்ணுவதில்லை. முதல் சவாரி அப்பாவுக்கு. ஓட்டப்போவது ஜெயலக்ஷ்மி. அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவள் நீதானே அக்கா, நீதான் அவரை அழைத்துப் போக வேண்டும் என்று நவநீத்தே வாய் திறந்து சொன்னான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் இந்த மாதங்களைக் கடந்தாள். கணவர் மஸ்கட்டில். வீடு, அலுவலகம், அப்பா என்று ஓடுகிறவளுக்குக் கல்லாற்றுச் சாலை மனசுக்குள் ஒரு விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

மகள் ஜானவியிடம் தாத்தாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கார் நின்றது கரமனை ஆற்றோரம், வேலப்பன் அண்ணாச்சியின் பழைய அரிசிக் கிடங்கில். சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறவர். நாஞ்சில் நாட்டுக்காரர். வாடகை என்று பேச்செடுத்தால் முகத்தைச் சுளிப்பார். சாவியை மட்டும் ஒரு பாக்குமட்டைத் துண்டில் கட்டி அவளிடம் கொடுத்திருந்தார்.

ஜெயலக்ஷ்மி பழைய நைட்டி ஒன்றின் மேல் கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவை விரியத் திறந்து வேலையைத் தொடங்கினாள். பேட்டரியைக் கழற்றினாள். ரேடியேட்டர் விசிறியை எடுத்து வைத்தாள். மத்தியான இடைவேளைகளில் டிபன் பாக்ஸை முன்னால் வைத்துக்கொண்டு எத்தனையோ வீடியோ பார்த்திருந்தாள். அடுத்தது என்ன என்பது கைக்கே தெரிந்திருந்தது.

கஷ்டமான வேலை என்பதைவிட, கவனமான வேலை என்று சொல்ல வேண்டும். எஞ்சினுக்குக் கீழே ஒரு சக்கரம், மேலே இரண்டு சக்கரம். மூன்றையும் ஒரே தாளத்தில் சுற்றவைப்பது அந்தப் பெல்ட். தாளம் தப்பினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டு எஞ்சினே போய்விடும். அதற்காகத்தான் ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் அடையாளக் குறி வைத்திருக்கிறார்கள். குறிகள் நேருக்கு நேர் நின்றால் எல்லாம் சரி.

பெல்ட்டை மறைக்கும் மூடியின் போல்ட்டுகள் சுலபமாகக் கழன்றன. பல வருஷம் திறக்காத மூடிக்கு அது கொஞ்சம் அதிகமான சுலபம்தான். அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை, நல்ல சகுனம் என்றுதான் நினைத்தாள்.

மூடியை எடுத்துத் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

மூடியின் உட்புறம், நடுவில், ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். காய்ந்திருந்தது, ஆனால் உதிரவில்லை.

எஞ்சினைப் பார்த்தாள். அங்கே மாட்டியிருந்தது பழைய பெல்ட் இல்லை. வேறெங்கோ வாங்கிய, முதுகில் வெள்ளை எழுத்துகூட மங்காத, புத்தம்புதுப் பெல்ட்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மிக்சியாகட்டும் தையல் மெஷினாகட்டும், எதைப் பிரித்து வேலை பார்த்தாலும், மூடுவதற்கு முன் உட்பக்கமாக ஒரு சந்தனப் பொட்டு வைக்க வேண்டும். வெளியே வைத்தால் துடைத்துவிடுவோம், உள்ளே வைத்தால் ஸ்வாமிக்குத் தெரியும் என்பது அப்பாவின் கட்சி. தெருவிலேயே வேறு எந்த வீட்டிலும் இது கிடையாது. எந்த மெக்கானிக்கும் இதைச் செய்யமாட்டான்.

வேறு யாரையும் சந்தேகப்படுவதற்கு அந்தப் பொட்டு இடம் வைக்கவில்லை. ஒளித்துச் செய்த காரியத்திலும் நவநீத்தால் பொட்டு வைக்காமல் மூடியை மூட முடியவில்லை.

பிள்ளையாருக்குச் சொல்லியிருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. மூடியைப் பொட்டு மேலே தெரியும்படி தரையில் வைத்தாள். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேலப்பன் அண்ணாச்சி ஒரு சொம்பில் மோர்ச் சம்பாரமும் கையுமாக வந்தார். வெயிலில் வேலை பார்க்கிறாளே என்று வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார். கழற்றிக் கிடந்ததையெல்லாம் பார்த்துவிட்டுக் கவலையோடு குனிந்தார்.

"என்னம்மா, வண்டி திரும்பயும் மக்கர் பண்ணுகா? புதங்கெழம நல்லாத்தானே போச்சு. கடைப் பயக்க எல்லாம் கையத் தட்டினானுவ. தம்பி பழவங்காடியில தேங்கா ஒடச்ச பிரசாதம் எனக்கும் கொண்டாந்து தந்துச்சே."

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். பழவங்காடி. ரிப்பேர் பார்த்த வண்டி முதலில் போக வேண்டிய இடம் பழவங்காடிப் பிள்ளையார் சன்னிதி, அப்புறம்தான் மற்ற ஊர். அதையும் விடவில்லை அவன்.

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. வியாபாரி, முகம் பார்க்கத் தெரிந்தவர். சொம்பை அரிசிச் சாக்கின் மேல் வைத்தார். மூலையில் கிடந்த மேஜை விசிறியைத் தூக்கி வந்து அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு, செருப்புச் சத்தம்கூட வராமல் வெளியே போனார். துக்கத்தில் இருப்பவர்களை எப்படித் தனியே விடுவது என்பது சிலருக்குப் பிறவியிலேயே வரும். தெய்வம் அப்படிப்பட்டவர்களைத்தான் அந்தந்த நேரத்துக்கு அனுப்புகிறது.

புதன்கிழமை. அவளுக்கு ஒன்றொன்றாக நினைவு வந்தது. அன்று நவநீத் தானே லீவு போட்டு வந்து, அப்பாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன் என்றான். உருகிப்போனாள். சாயங்காலம் அவள் திரும்பியபோது அப்பாவின் முகம் குளித்துவிட்டு வந்த குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். பிசியோதெரபி செய்கிற திவ்யலட்சுமியின் கைராசி என்று நினைத்து, மறுநாளே அந்தப் பெண்ணுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தாள். அது திருதிருவென்று விழித்துவிட்டு வாங்கிக்கொண்டது.

அப்பாவை அங்கே உட்கார வைத்துவிட்டு இவன் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறான். அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

நவநீத்தை அழைத்தாள். கிடங்கில் இருப்பதாகவும், பெல்ட் மூடியைத் திறந்துவிட்டதாகவும் மட்டும் சொன்னாள். அவன் வருகிறேன் என்றான்.

காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியவில்லை. மனசு கொதிக்கும்போது கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் வழக்கம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்பானரால் எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றினாள். இரண்டு முழுச் சுற்று. குறிகளைப் பார்த்தாள்.

கீழே சரியாக நின்றது. மேலே ஒன்று சரி. இன்னொன்று ஒரு பல் தள்ளி நின்றது.

டென்ஷனரை விரலால் தொட்டாள். பெல்ட் தளராமல் அழுத்திப் பிடிக்கிற உருளை அது. அதன் நட்டு முழுதாக முறுக்கப்படவில்லை. இப்படியே ஓடினால் ஒரு நாள் இன்னொரு பல்லும் தாவும். அது நடுச்சாலையிலா, மலைத் திருப்பத்திலா என்பதைச் சொல்ல முடியாது.

கழக்கூட்டத்திலிருந்து வருவதற்கு ஆக வேண்டிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, நவநீத் வாசலில் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் விபூதி.

"ஆபீஸ்ல அவசர வேலைன்னியே?"

"சீக்கிரம் முடிஞ்சுடுத்து, அக்கா."

"எது முடிஞ்சுது, வேலையா, பொய்யா?"

அவன் திறந்து கிடந்த மூடியையும் அதிலிருந்த பொட்டையும் பார்த்தான். பார்த்ததும் தோள் இரண்டும் தொங்கிப்போயின. சின்ன வயதில் அம்மாவின் சமையலறையில் சர்க்கரை டப்பாவோடு அகப்பட்டபோது எப்படி நிற்பானோ அப்படியே நின்றான். மீசையில் நரை மட்டும்தான் புதிது.

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். காரை விற்றாகிவிட்டது. வாங்குகிறவர் எர்ணாகுளத்தில் பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற ஒருவர். இன்று காலை அவரோடு பேசிக்கொண்டிருந்ததால்தான் வரவில்லை. நாளைக் காலை வந்து, அவரே ஓட்டிக்கொண்டு போகிறார்.

ஜெயலக்ஷ்மி அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடா நோக்கு?"

"தோணித்து. தெனமும் தோணித்து."

"இந்த டென்ஷனரை ஒத்தை ஆளால தள்ளிப் பிடிச்சுண்டு பெல்ட்டை மாட்ட முடியாது. ஸ்பிரிங் அத்தனை பலம். யாரு பிடிச்சா?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்பாவாக்கும்."

அவள் விசிறியை நிறுத்தினாள்.

அவன் சொன்னான். புதன்கிழமை அப்பாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகவே இல்லை. நேராக இங்கே கொண்டுவந்து, காருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். டென்ஷனரைத் தள்ளிப் பிடிக்கிற லீவரை இடது கையால் அப்பாதான் அழுத்திப் பிடித்தார். நடுவில் ஒரு தடவை கை நழுவிற்று. மறுபடி பிடித்தார். பொட்டு வைக்கச் சந்தனம் கரைத்துக்கொடுத்ததும் அவர்தான். அங்கிருந்து பழவங்காடி. பழவங்காடியிலிருந்து கல்லாறு. ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை, பழசு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தானாம். ஆற்றில் அப்பாவின் இரண்டு காலையும் நனைத்துத் துவட்டி அழைத்து வந்தான்.

முதல் சவாரி முடிந்துவிட்டது. இரண்டே இருக்கை. இரண்டிலும் ஆள் உட்கார்ந்து போய்த் திரும்பி வந்தாயிற்று. அவள் அந்த நேரத்தில் அலுவலகத்தில் யாருடைய சம்பளப் பிடித்தத்தையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர்தான் விக்கச் சொன்னார், அக்கா. நோக்குத் தெரியப்படாதுன்னும் அவர்தான் சொன்னார்."

"சரியாப் பேச முடியாதவர் மேல பழியைப் போடாதே." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீ பொய் சொன்னதைக்கூட நான் பொறுத்துப்பேன். இதை மாட்டேன்."

அவன் மறுக்கவில்லை, சத்தியம் செய்யவும் இல்லை. கண்ணை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டான். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளுக்கு இருந்தது. மூடியை எடுத்து மாட்டி, நாலு போல்ட்டை முறுக்கினால் தீர்ந்தது. ஒரு பல் தள்ளி நிற்பது யாருக்கும் தெரியாது. நாளைக்கு அந்த மனிதர் வந்து எடுத்துப் போகட்டும். கொல்லம் தாண்டியோ ஆலப்புழை தாண்டியோ வண்டி நடுரோட்டில் செத்துப் படுத்தால், விற்றவன் பதில் சொல்லட்டும். ஏமாற்றியவனுக்கு ஏமாற்றம்.

அந்த எண்ணம் அவளுக்குள் ஒரு நிமிஷம் இனித்தது உண்மை. நல்லவர்களுக்கும் இனிக்கும்.

ஆனால் பின்னால் லாரி வரும் சாலையில் சட்டென்று நின்றுபோகும் ஒரு சின்னக் காரும், அதற்குள் முகம் தெரியாத ஒருவரும் கண் முன்னால் வந்து நின்றார்கள். அந்த மனிதர் இவளுக்கு என்ன தப்புச் செய்தார்? அவர் வீட்டிலும் வாசலைப் பார்த்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எழுந்தாள். லீவரை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"பிடி."

அவன் பிடித்தான். அவள் நட்டைத் தளர்த்திப் பெல்ட்டை விலக்கினாள். தள்ளி நின்ற சக்கரத்தை ஒரே ஒரு பல் திருப்பிக் குறிக்கு நேரே கொண்டுவந்தாள். பெல்ட்டைக் கீழிருந்து மேலாக, தொய்வில்லாமல் மாட்டினாள். விடு என்றதும் அவன் மெதுவாக விட்டான். மறுபடி இரண்டு சுற்றுக் கையால் சுற்றிப் பார்த்தாள். மூன்று குறிகளும் நேருக்கு நேர் நின்றன. நட்டைத் தன் பலம் முழுவதும் கொடுத்து முறுக்கினாள். அந்த வேலை முடியும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சேர்ந்து செய்வோம் என்று சத்தியம் பண்ணின வேலை இப்படித்தான் சேர்ந்து நடந்தது.

மூடியைப் போட்டு மற்றதையும் பூட்டிய பிறகு, இத்தாலியிலிருந்து வந்த பெல்ட்டை அட்டைப்பெட்டியோடு டிக்கிக்குள் வைத்தாள். வாங்குகிறவருக்கு என்றைக்காவது தேவைப்படும் என்றாள். நவநீத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் கழுவிக்கொண்டு, சம்பாரத்தில் பாதியை அவனுக்கு வைத்துவிட்டு நடந்தாள். அவனைப் பட்டினி போடுமளவுக்கு அவளுக்குக் கோபிக்கத் தெரியாது. மன்னிக்கவும் அன்றைக்கு முடியவில்லை.

வீட்டில் ஜானவி கதவைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள். தாத்தா இன்னும் சாப்பிடவில்லை, நீ வந்து ஊட்டினால்தான் ஆச்சு என்று பிடிவாதமாம்.

ஜெயலக்ஷ்மி குளித்துவிட்டு, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். சாம்பசிவன் தலையணையில் சாய்ந்து, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் இடது கை அவள் கையைத் தேடி வந்தது. லீவரைப் பிடித்த கை. மணிக்கட்டருகே தோல் உராய்ந்து, ஒரு கோடாகப் பொருக்குக் கட்டியிருந்தது. இரண்டு மூன்று நாளாக அவள் அதற்கு மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் கம்பியில் பட்டிருக்கும் என்று நினைத்து.

முதல் வாய் ஊட்டினாள். விழுங்கினார். இரண்டாவது ஊட்டினாள்.

அவளுக்கு எத்தனையோ கேள்வி இருந்தது. நவநீத் சொன்னது பொய் என்று ஒரு தலையசைப்பில் அப்பா சொல்லிவிட்டால் போதும். தம்பியை நாளைக்கு மன்னித்துக்கொள்ளலாம். துரோகம் ஒருவனோடு முடிந்துவிடும்.

"கல்லாத்துல தண்ணி நெறைய இருந்துதா, அப்பா?"

சாம்பசிவனின் வாய் மெல்வதை நிறுத்தியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மகளை நேராகப் பார்த்தார். கண் நிறைந்தது, ஆனாலும் பார்வை நகரவில்லை. வார்த்தைகளை எங்கோ ஆழத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டு வந்தார்.

"நவநீத்தைத்... திட்டாதே. வண்டியை... விக்கச் சொன்னது... நான். உன்னை... அழைச்சுண்டு போகப்படாதுன்னு... சொன்னதும்... நானாக்கும். என்னோட... அதையும்... நீ சுமக்க... வேண்டாம்னுதான்."

கிண்ணம் அவள் மடியில் நின்றது.

அதை ஏன் எங்கிட்டச் சொல்லலை என்று கேட்க வாய் திறந்தாள். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. அவள் கையைப் பிடித்திருந்த பிடியும் தளரவில்லை.

ஜெயலக்ஷ்மி கையை உருவிக்கொள்ளவில்லை. சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த வாயை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் கண் திறப்பதற்காக அப்படியே உட்கார்ந்திருந்தாள்.